அக்கரைக்கு உதவி அனுப்பணுமா? துணி மூட்டை கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டதே, அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவில் பழைய துணி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன். "ஈரமே இல்லாத மனுஷன்" என்று திட்டு வாங்கினேன். பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் 2004 சுனாமிக்குப் பிறகு இதே வேலையை முன்னால் நின்று செய்தவன் நான்தான்.

அப்போது தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு கூடத்தில் நாற்பது மூட்டைக்கு மேல் சேர்த்தோம். இலங்கைக்கு அனுப்புவதாகத்தான் திட்டம். எந்தக் கப்பலில், யார் பெயருக்கு, அங்கே யார் இறக்குவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கிடந்தது, எலி குடித்தனம் நடத்தியது, மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. கடைசியில் பிரித்துப் பார்த்தால் ஒரு குழந்தையின் பட்டுப்பாவாடை, துவைத்து மடித்து நடுவில் அந்துருண்டை வைத்து யாரோ கொடுத்திருக்கிறார்கள், ஜரிகை முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. நல்லதாகத் தேறிய பருத்தித் துணியெல்லாம் விசைப்படகு இன்ஜின் துடைக்கும் கழிவுத்துணியாகப் போனது. அதே சமயம் நாகப்பட்டினம் பக்கம் நிவாரணம் என்று வந்த பழைய துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்ததை அங்கே போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அடிபட்ட ஊருக்கே வேண்டாததை நாங்கள் கடல் தாண்டி அனுப்பப் பார்த்தோம்.

நமக்கு அவசரம் வருவதில் தப்பில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் இலங்கையைத்தான் அடித்தது, அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்து ரயிலோடு ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. மலையகத்துத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களில் ஏராளமானவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, பரிசோதனை முடிந்து, அங்கிருந்துதான் இலங்கைக்குப் போனார்கள். பிறகு 1980களிலிருந்து அதே மண்டபம் அகதி முகாம் ஆனது. டித்வாவில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலைச்சரிவில் மண் இறங்கி வீடுகள் புதைந்தன என்று செய்தி வந்தபோது, நுவரெலியா, பதுளை என்ற ஊர்ப்பெயர்கள் மண்டபத்தில் பலருக்குச் சொந்தக்காரர் வீட்டு முகவரி.

ஆனால் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அது வேறு நாடு. வேறு சுங்கம், வேறு பணம், வேறு சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் போன்

எதையும் சேர்க்கும் முன் அங்கே இருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். சொந்தக்காரர் இருந்தால் சொந்தக்காரர், இல்லையென்றால் முகாமில் இருக்கும் குடும்பங்களிடம் கேட்டால் ஒரு பாடசாலை ஆசிரியரையோ பங்குத்தந்தையையோ பள்ளிவாசல் ஆளையோ கைகாட்டுவார்கள். ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேரிடம் கேட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா பாருங்கள்.

பேசும்போது சொற்களில் கவனம், தமிழ்தானே என்று அசட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். அங்கே "அதிபர்" என்றால் தலைமையாசிரியர். என்னோடு இருந்த ஒருவர் "அதிபர்கிட்டயே பேசிட்டோம்" என்று கொழும்பு ஜனாதிபதி அளவுக்கு ஊரெல்லாம் பரப்பிவிட்டார். நோட்டு என்பது கொப்பி, ஷூ என்பது சப்பாத்து, பால் பவுடர் என்பது பால்மா, குழந்தைகள் என்று நாம் எழுதும் இடத்தில் அவர்கள் சிறுவர் என்பார்கள். கிராம உத்தியோகத்தர் என்பவர் நம் வி.ஏ.ஓ. மாதிரி, எந்த வீடு விழுந்தது, எந்தக் குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது என்ற பட்டியல் அவரிடம் இருக்கும். அவருக்கு மேலே பிரதேச செயலகம். உங்களிடம் உதவி கேட்பவர் இந்த இரண்டு இடத்திலும் தெரிந்தவரா என்று விசாரித்தாலே பாதி ஏமாற்று வேலை வெளியே வந்துவிடும்.

ஒரு நிறுவனம் கேட்கிறது என்றால், அங்கே அரசு சாரா நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனி ஆள் கணக்கைக் கொடுத்து "அவசரம் அண்ணே, இதுல போட்டுருங்க" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இலங்கை செஞ்சிலுவைச் சங்கம், சர்வோதயம் மாதிரி பல வருடமாக ஊருக்குள் வேலை செய்கிறவர்கள் இருக்கும்போது, புயல் அடித்த மறுவாரம் முளைத்த குழுவுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மன்னார் பக்கம் ஒரு மீனவரிடம் பேசினேன், அவர் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "அண்ணை, கொப்பி அனுப்புறது நல்ல விசயம்தான். உங்கட றோலர் வந்து எங்கட வலையை அறுக்காமல் விட்டால் பிள்ளைக்குக் கொப்பியை நானே வாங்கிக் குடுப்பன்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. றோலர் என்றால் நம் இழுவைமடிப் படகு. இந்தப் பிரச்சினை இரண்டு கரைக்கும் நடுவில் எத்தனை வருடமாக எரிகிறது என்று நமக்குத் தெரியாதா? வடக்குக் கரையில் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வரும், வந்தால் வாதாடாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்று வாதாடவில்லை, அதனால்தான் அடுத்த வாரம் அவரே கூப்பிட்டுத் தன் ஊர்ப் பாடசாலை ஆசிரியரின் எண்ணைக் கொடுத்தார்.

பணம் அனுப்புவது

பணமாக அனுப்புங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும், அந்தப் பணம் அங்கேயே கடைக்குப் போனால் புயலில் அடிவாங்கிய கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

ஜிபே, போன்பே வழியாக அனுப்பலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யு.பி.ஐ. வந்தது உண்மைதான், ஆனால் அது நாம் அங்கே போய்க் கடையில் ஸ்கேன் செய்து கொடுப்பதற்கு. இங்கே உட்கார்ந்து அங்கே ஒருவர் கணக்கில் போடுவதற்கில்லை. முறையான வழி வங்கிதான். இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அன்பளிப்பும் நன்கொடையும் அதில் அடங்கும். நம்மைப் போன்றவர்கள் அந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. பான் கார்டு வேண்டும், ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், எதற்காக என்று காரணம் எழுத வேண்டும். சின்னக் கிளையில் கேட்டால் முழிப்பார்கள். எங்களை ஒரு கிளையில் மூன்று நாள் அலையவிட்டு நாலாவது நாள் "இங்கே பண்றதில்ல சார்" என்றார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை செய்யும் கிளை எது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, ராமநாதபுரமோ மதுரையோ நேரே அங்கே போய்விடுங்கள்.

ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வங்கிக் கட்டணம் உண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஆயிரம் ஆயிரமாக அனுப்பினால் பாதி கட்டணத்திலேயே போய்விடும். அதற்காக ஊரார் பணத்தையெல்லாம் உங்கள் கணக்கில் வாங்கி உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள், நாளைக்கு வருமான வரிக்காரர் கேட்டால் விளக்கம் சொல்லியே மாளாது. நாங்கள் செய்வது இது: ஆறு குடும்பம் சேர்ந்திருக்கிறோம், இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்து, அவரவர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து மொத்தமாக அனுப்புகிறோம். வருடத்துக்கு ஒரு முறைதான் நம் முறை வரும், அதற்குள் சேர்த்துவைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் பாடசாலைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் பணம் வரும்.

அறக்கட்டளையோ சங்கமோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கல் அதிகம். இந்தியாவுக்கு வெளியே செலவழித்த பணத்துக்கு அறக்கட்டளை வரிவிலக்கு, நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் கிடைக்காது. அதேபோல வெளிநாட்டிலிருந்து உங்கள் சங்கத்துக்குப் பணம் வாங்குவதும் லேசில்லை. துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் மச்சான் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு பைசா தொடக்கூடாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். சித்தப்பாவை நேராக இலங்கைக்கே அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் வழியாக வர வேண்டிய தேவையே இல்லை. ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

உண்டியல் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் மாற்றுவது), குருவி (கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள்) இதெல்லாம் நம் கடற்கரையில் யாருக்கும் புதிதில்லை. சீக்கிரம் போகும், கட்டணம் இல்லை என்பார்கள். ரசீதும் இல்லை, சட்டமும் இடம் கொடுக்காது. மாட்டினால் அனுப்பியவரோடு வாங்கிய ஏழைக் குடும்பமும் சேர்ந்து மாட்டும்.

பொருள் அனுப்பியே தீருவேன் என்றால்

படகில் போட்டுக் கொடுத்தனுப்பலாம் என்ற பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போன நினைப்பில் சிலர் இப்படிச் சொல்கிறார்கள். எல்லை தாண்டிய படகில் அரிசி இருந்தாலும் அது கடத்தல்தான், படகு போகும், ஆள் சிறைக்குப் போவார், அவர் வீட்டுக்கு நாம் நிவாரணம் சேர்க்க வேண்டிவரும்.

பெரிய அளவில் பொருள் போவது அரசு வழியாகத்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என்று அறிவித்து, மே 18ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. அந்தச் சமயம் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குப் பணம் தரச் சொல்லிப் பொதுமக்களிடம் கேட்டார்கள், எங்கள் பக்கத்துச் சிறு வசூல் எல்லாம் அதில்தான் போனது. இப்படி ஒரு வழி திறந்திருக்கும்போது ஊர் வசூலுக்கு அதைவிடச் சுலபமான இடம் இல்லை. வரிச்சலுகை உண்டு, ரசீது உண்டு, சுங்கத்தில் நிற்க வேண்டாம்.

இரண்டு பொருளை மட்டும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ஒன்று கைக்குழந்தைக்கான பால் பவுடர், பால் புட்டி. மேலே சொன்ன அரசுக் கப்பல் கணக்கு வேறு, நாம் டப்பா டப்பாவாக வாங்கி முகாமில் கொடுப்பது வேறு. கலக்கச் சுத்தமான தண்ணீர் இருக்காது, புட்டியைக் கொதிக்கவைக்க அடுப்பு இருக்காது, நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாயும் டப்பா கையில் இருக்கிறதே என்று நிறுத்திவிடுவார். 2006ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆய்வு செய்தபோது, நன்கொடைப் பால் பவுடர் வாங்கிய குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. நம் நாட்டில் 1992ல் கொண்டுவந்த சட்டப்படி இதை இலவசமாக அள்ளிக் கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. பாலூட்டும் தாய்க்குச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுங்கள், குழந்தைக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று மருந்து. சுனாமி சமயத்தில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து இறங்கியது, பெரும்பாலானது யாரும் கேட்காதது, நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியிருந்தது, அழிப்பதற்கும் செலவு. உங்கள் வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரை அட்டை அங்கே குப்பைதான்.

பிள்ளைகள் விஷயம்

இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் தப்பு செய்கிறார்கள்.

"அனாதைக் குழந்தை யாராவது இருந்தா சொல்லுங்க, நாங்க வளர்க்கிறோம்" என்று என்னிடமே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பேரிடர் முடிந்து முதல் மாதத்தில் தனியாக நிற்கும் பிள்ளை அனாதை என்று முடிவு கட்டக்கூடாது. அம்மா வேறு முகாமில் இருப்பார், அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார், இல்லாவிட்டால் பெரியம்மா தேடிக்கொண்டிருப்பார். 2010ல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 பிள்ளைகளைப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்த பத்து அமெரிக்கர்களை எல்லையில் பிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். தனியாக இருக்கும் பிள்ளையைப் பற்றித் தகவல் கிடைத்தால் இலங்கையில் சிறுவர் உதவி எண் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. அங்கே இருப்பவரை அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இல்லம் கட்டப் பணம் கேட்டாலும் யோசியுங்கள். பிள்ளையை வைத்திருக்கும் சித்திக்கோ பாட்டிக்கோ மாதம் ஒரு தொகை கிடைத்தால் இல்லத்துக்கு அனுப்பும் தேவையே வராது.

அப்புறம் போட்டோ. கொப்பியைக் கையில் கொடுத்து, நம் பெயர் போட்ட பேனரைப் பின்னால் பிடித்து எடுக்கிறோமே, அதை விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளை கை நீட்டி நிற்கும் படத்தை வேறு நாட்டுக்காரர் ஸ்டேட்டஸ் வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கணக்குக்குக் கடை ரசீதின் படம் போதும். எங்களிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளைகளின் முகம் இல்லை. பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சப்பாத்து அளவு கேட்டோம், பிள்ளைகளுக்குத் தங்கள் அளவு தெரியவில்லை, பழைய சப்பாத்து மண்ணுக்குள் போய்விட்டது. அதிபர் ஒவ்வொரு பிள்ளையையும் கொப்பித் தாளில் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே வகுப்பை எழுதி, அத்தனை தாளையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு பாதத்தில் சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் கோடு இரண்டு தடவை நெளிந்திருந்தது, கூச்சத்தில் காலை இழுத்திருக்க வேண்டும். நாங்கள் பணம் மட்டும் அனுப்பினோம். அவர் தாள்களைக் கடைக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றின் மேலும் சப்பாத்தை வைத்துப் பார்த்து வாங்கினார்.

நேரில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் மாதம் போகாதீர்கள், நீங்கள் தங்கும் அறையும் ஏறும் வாகனமும் அங்கே வேறு யாருக்கோ வேண்டும்.

ஊரில் வசூல், அடுத்த வருடம்

நம் கரையில் வசூல் செய்வதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும்போது மாதாமாதம் கேட்டுப் போனால் கொடுக்கவும் முடியாமல் இல்லை என்று சொல்லவும் முடியாமல் தவிப்பார்கள். தடை முடிந்து இறால் பாடு நன்றாக இருக்கும் வாரங்களில் ஏலக்கூடத்தில் ஒரு டப்பா வைத்தால் போதும். டப்பாவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, எண்ணும்போது மூன்றாவது ஆள் ஒருவர், எண்ணிய தொகையை அன்றே பலகையில் எழுதுவது. நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்பார்கள், நண்பர்களாகவே இருப்பதற்குத்தான்.

இந்த டப்பாப் பணத்தை நாங்கள் இலங்கைக்கு அனுப்புவதில்லை. அரசு நிதி திறந்திருந்தால் அங்கே கட்டுகிறோம், இல்லையென்றால் மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. அவர்களும் அந்தக் கரைப் பிள்ளைகள்தானே. 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களில் கைக்குழந்தைக்காரர்களும் இருந்தார்கள்.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிட்டுப் போகும் இடம். புயல் செய்தி மூன்று வாரம் ஓடும், பணமும் மூன்று வாரம் வரும். மண்சரிவு ஆபத்து என்று லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலிசெய்து வேறு இடத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்துக்கு, ஆறு மாதம் கழித்துத்தான் பாடசாலை ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பது உறைக்கும். பஸ் காசு இல்லாமல் முதலில் நிற்பது வயதுவந்த பெண்பிள்ளைகள். அதனால் அதிபரிடம் பேசும்போது புதிய வகுப்பு எந்த மாதம் தொடங்குகிறது, பஸ் கட்டணம் மாதம் எவ்வளவு, இப்போது வராமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு நோட்டில் டித்வாவுக்கு என்று ஒதுக்கியதில் பாதியை முதல் வருடம் தொடவே இல்லை. "காசை வச்சுக்கிட்டு என்ன செய்றீங்க" என்று தெருவில் கேட்கிறார்கள். அடுத்த முறை என்னுடையது, அதிபர் பஸ் பட்டியலை அனுப்பட்டும் என்று காத்திருக்கிறேன்.